781-ஆம் குறிப்பு

இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும் என்றது மடிக்கணினி. கொஞ்ச நேரத்துக்கு முன் நாற்பது என்றுதான் சொல்லியிருந்தது. செண்பகம் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள், ஐம்பத்திரண்டேதான். பச்சைப் பட்டை பாதியைத் தொடாமல் நின்றிருந்தது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க், அதன் ஓரத்தில் சின்ன நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது. போன வாரம் இந்தக் கணினி ஒரு முழுப் பகல் திறக்க மறுத்துவிட்டது. அன்று அவள் குரலில் இருந்த பதற்றத்தைப் போனிலேயே கண்டுகொண்டு, புனேயில் இருக்கும் மகள் தாரிணி இந்த டிஸ்க்கை வாங்கி அனுப்பியிருந்தாள். முதலில் எல்லாவற்றையும் இதில் ஒரு பேக்கப் எடு, அது முடிந்ததும் சிங்க் எப்படி வைப்பது என்று நீயே முடிவு பண்ணு, செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு என் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவேன், சேர்ந்தே பண்ணிவிடலாம் என்று சொல்லியிருந்தாள். இன்று செவ்வாய். மணி பதினொன்று பத்து. மகள் குரல் பதிவில் சொன்ன வழிகளைச் செண்பகம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஒன்று, முழுவதையும் இணையச் சேமிப்பில் ஏற்றி இரண்டு பேரும் பார்ப்பது, இரண்டு பேரும் எழுதுவது. இரண்டு, வீட்டுக்காரரின் மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன், மாத்திரைப் பட்டியல் இவற்றை மட்டும் தனியாகப் பிரித்து மகளுக்குக் கொடுப்பது, மற்றது இங்கேயே கிடப்பது. மூன்று, எதையும் ஏற்றாமல் வாரம் ஒருமுறை டிஸ்க்கில் நகல் எடுத்துப் பீரோவில் வைப்பது. மூன்றாவது இப்போது கிடையாது, ஏனென்றால் வியாழக்கிழமை டாக்டர் திரையில் வருகிறார், ஆறு மாதத்துக்கான விவரம் கேட்டிருக்கிறார், தாரிணி முழுவதையும் படித்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆக ஒன்று அல்லது இரண்டு. ஒரு டீ போடும் நேரத்தில் முடிவு செய்கிற காரியம். நான்கு நாளாக அவளால் முடியவில்லை.

சிங்க் என்பது பேக்கப் இல்லம்மா என்று தாரிணி மூன்று தடவை சொல்லியிருந்தாள், நீ அங்கே ஒரு எழுத்தை அழித்தால் இங்கேயும் அழியும், நீ மாற்றினால் இங்கேயும் மாறும். அது செண்பகத்துக்குச் சிரிப்பாக இருந்தது. முப்பத்திநாலு வருஷம் நீதிமன்றத்து நகல் பிரிவில் உட்கார்ந்தவளுக்கு நகல் என்றால் என்ன என்று சொல்லித் தருகிறாள். அங்கே நகல் என்றால் அசலிலிருந்து ஒருமுறை பிரிந்து போனது, அதன்பின் அசலுக்கு என்ன ஆனாலும் இதற்குக் கவலையில்லை. ஒரு மழைக்காலத்தில் பதிவறையில் தண்ணீர் ஏறி நாற்பது வழக்குக் கட்டு கூழாகிவிட்டபோது, ஊர் ஊராகக் கடிதம் போட்டு, கட்சிக்காரர்கள் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்த சான்றிட்ட நகல்களை வாங்கி வந்துதான் அசலையே மறுபடி உண்டாக்கினார்கள். அசல் நனைந்த அதே நிமிடத்தில் அத்தனை பெட்டியிலும் நகல் நனைந்திருந்தால்? அதுதான் சிங்க். அதற்கு நகல் என்று பேர் வைக்கக் கூடாது, வேறு ஏதாவது வைக்கலாம், என்ன வைப்பது என்று யோசித்தபடியே அவள் கொட்டாவி விட்டாள். கண் எரிந்தது. ராத்திரி இரண்டு மணிநேரம் தூங்கியிருப்பாளா, அதுவும் தொடர்ந்தாற்போல் இல்லை. நகல் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த தாவீது சார், அவள் எழுத்தைப் பார்த்துவிட்டு, செண்பகம், அசலை விட அழகா எழுதாத, ஜட்ஜையாவுக்குக் கோவம் வந்திரும் என்பார். அந்த மனிதர் அழிப்பான் வைத்திருந்தவர்களைப் பார்த்தால் திருடனைப் பிடித்த மாதிரி கத்துவார். தப்பு வந்தால் ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியணும், பக்கத்தில் சுருக்கொப்பம். அவ்வளவுதான், அதற்கு மேல் யாருக்கும் எதையும் இல்லாமல் ஆக்க அதிகாரமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கணினியில் குறிப்பு எழுதத் தொடங்கிய அன்றே ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டாள். கணினியே தேதி வாரியாக அடுக்கிவிடும், எண் எதற்கு என்று தாரிணி கேட்டதற்கு, எண் இல்லாத தாள் கட்டிலிருந்து உருவப்பட்டாலும் தெரியாது ஏட்டி என்று பெருமையாகச் சொன்னவளும் அவள்தான். ஒன்றிலிருந்து எண்ணூற்று நாற்பத்தாறு வரை, ஒன்று விடாமல். அந்த வாயை அன்று மூடிக்கொண்டிருக்கலாம்.

"ஏளா." முன்னறையிலிருந்து சிவசைலம் கூப்பிட்டார். அவள் வீட்டுக்காரர், பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "தென்காசி பத்து நாப்பது போயாச்சா?"

"போயாச்சு."

"எத்தனை மணிக்குப் போச்சு?"

"பத்து நாப்பதுக்குத்தான்."

"பொய் சொல்லாத. அவன் என்னைக்குச் சரியான நேரத்துக்கு எடுத்தான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு நிமிசம் லேட்டு."

"அப்படிச் சொல்லு. எழுதிக்கோ." அவர் சமாதானமாகி மறுபடி ஜன்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

எழுதிக்கோ. இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால் முதல் டாக்டரும் இதைத்தான் சொன்னார், மறதி நோய் என்று அவர் சொல்லிவிட்டு மேஜை மேல் இருந்த பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார், எழுதுங்கம்மா, நேரம் என்ன, அவர் என்ன செய்தார், நீங்க என்ன செய்தீங்க, மூன்றும் வேணும், உங்களுக்கு எது முக்கியம்னு தோணுதோ அதை மட்டும் எழுதாதீங்க. அவள் எழுதினாள். சொன்னதை அப்படியே எழுதுவதில் அவளுக்கு நிகர் அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. 12: என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், திருத்தினேன். 240: குளியலறையில் சோப்பைக் கடித்தார், வாயைக் கழுவினேன். 655: தாரிணி பேர் கேட்டேன், தெரியவில்லை, நானே சொல்லிக் கொடுத்தேன். 781: ஆகஸ்ட் 9, ஞாயிறு, இரவு 8.20. தட்டைத் தள்ளினார், ரசம் சாதம் என் மேல் கொட்டியது. இரண்டாவது தட்டு வைத்தேன், அதையும் தள்ளினார். வலது கையால் இடது கன்னத்தில் அறைந்தேன். 8.40-க்குக் கன்னம் ஏன் எரிகிறது என்று கேட்டார். கொசு என்றேன். 9.15-க்குத் தாரிணி வீடியோவில் வந்தாள், சிவப்பாக இருக்கிறதே என்றாள். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றேன். அவ்வளவுதான் குறிப்பு, ஒன்பது வரி. அன்றிரவு அதை எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வந்ததென்னவோ உண்மை, பதிவாகிவிட்டது என்கிற நிம்மதி, வழக்குக் கட்டுக்குள் சேர்ந்துவிட்ட தாள் பற்றி குமாஸ்தாவுக்கு வருகிற நிம்மதி. யாரும் படிக்காத வரைக்கும் அது செல்லும். எரியுதுளா என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அடித்தவளிடமே வந்து மருந்து கேட்கிற முகம். கொசு என்றதும் கொசுவர்த்தி ஏத்தலையா என்றார். ஏத்துதேன் என்று எழுந்து போய் ஏற்றினாள். அறைந்ததைக் கூட யோசிக்க முடிகிறது, இரண்டு தட்டு, சுடு ரசம், பதினாலு மணிநேரமாக நின்ற கால். அந்தக் கொசுவர்த்தியை ஏற்றியதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது அங்கேயே நிற்கிறது.

விழுந்தார் என்ற சொல் அவள் வாயிலிருந்து கிளம்பி எங்கெல்லாம் போயிற்று என்று அவள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். முதலில் தாரிணியிடம். தாரிணியிடமிருந்து டாக்டரிடம். டாக்டர் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அந்தக் குழாய்க்குள் படுக்க மாட்டேன் என்று சிவசைலம் அழுதார், எடுத்தார்கள், ஒன்றுமில்லை. பிறகு டாக்டர், ராத்திரி மாத்திரையால் தள்ளாட்டம் இருக்கலாம், விழுகிற ஆளுக்கு இந்த அளவு கூடாது என்று, தாரிணியும் வற்புறுத்த, பாதியாகக் குறைத்தார். அன்றிலிருந்து அவர் தூங்குவதில்லை. அவர் தூங்காததால் இவள் தூங்குவதில்லை. கதவை ஆட்டுகிறார், டூட்டிக்கு நேரமாச்சு என்கிறார், சாவி எங்கே என்று இவள் தலையணையைத் தூக்குகிறார். வியாழக்கிழமை அந்தப் பாதி மாத்திரையையும் நிறுத்திவிட்டு வேறொன்று தரப்போவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார், அது கைகால் இறுகிப்போகச் செய்யுமாம், ஆனாலும் விழுவதை விட மேல் என்றார். விழாத ஒரு மனிதன் விழாமல் இருப்பதற்காக அவனைக் கல்லாக்கப் போகிறார்கள். எல்லாம் முறைப்படி, எல்லாம் சீட்டில் எழுதி, தேதி போட்டு. டாக்டரின் சீட்டும் இந்தக் கணினியில் ஏறியிருக்கிறது: 'கீழே விழுந்த வரலாறு உண்டு'. அதற்கு நாலு இடம் தள்ளி 781 இருக்கிறது. ஒரே கட்டுக்குள் ஒன்றையொன்று பொய்யாக்கும் இரண்டு தாள். இப்படி வருவதைப் பார்த்தால் தாவீது சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஏதோ ஒண்ணு குடிச்சிட்டு எழுதினது என்பார்.

முப்பத்தெட்டு நிமிடம் என்றது திரை. பட்டை நகர்ந்திருந்தது. இரண்டாவது வழியை எடுத்தால் என்ன. மருத்துவம் மட்டும் மகளுக்கு, குறிப்புகள் எனக்கு. அம்மா, டாக்டர் கேட்கிறதே உன் குறிப்பைத்தான், சீட்டை அவரேதானே எழுதினார் என்பாள். சரி, குறிப்பையும் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால். எண் இடிக்கும், 780-க்கு அப்புறம் 782 எப்படி வரும், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள், அவள் வேலையே விட்டுப்போன எண்ணைத் தேடுவதுதான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்படியானால் எல்லா எண்ணையும் ஒவ்வொன்று குறைத்துப் போடுவது, அறுபத்தைந்து எண், ஒரு மணிக்குள் முடியாததில்லை. அல்லது அந்தக் குறிப்பின் உள்ளேயே வேறு எழுதிவிடுவது. இதை யோசிக்கும்போதே அவள் விரல் அந்தக் குறிப்பைத் திறந்துவிட்டிருந்தது. ஒன்பது வரியின் கீழே, தூக்கம் சரியில்லை, பால் கொடுத்தேன் என்று தட்டச்சு செய்தாள். பார்த்தாள். நம்பும்படியாகத்தான் இருந்தது. மேலே உள்ள ஒன்பது வரியைத் தேர்ந்தால் நீலம் பூசிக்கொண்டு நிற்கும், ஒரு விசை, போய்விடும், கீழே ஒரு கோடு கூட மிஞ்சாது, யாருடைய சுருக்கொப்பமும் வேண்டாம். இவ்வளவு சுலபமாகவா வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்தக் கறுப்புப் பெட்டி காலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருப்பதில் 781-ம் போயிருக்கும். இங்கே அழித்தால் அதில் இருக்கும். அதிலும் அழிக்கலாம். அழித்துவிட்டு, அப்புறம் வியாழக்கிழமை டாக்டர் எதிரில் உட்கார்ந்து, அவர் அந்த இறுக்குகிற மாத்திரையின் பேரைச் சொல்லும்போது தலையை ஆட்டலாம். தாரிணிக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று அவள் பயப்படுகிற இடம் எது என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. கத்துவாளா, கத்தட்டும். அப்பாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பாளா. அந்த இரண்டு அறை வீட்டுக்கு, மருமகனின் அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு. அந்த எண்ணம் வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாவதைக் கவனித்து அவள் திடுக்கிட்டாள். பயம் அதைப் பற்றி இல்லை. இனிமேல் வீடியோவில் வரும்போதெல்லாம் மகள் முதலில் அப்பாவின் கன்னத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டியாம்மா என்பாள். அந்த ஒரு நொடி. மிச்சமிருக்கும் காலம் முழுக்கத் தினமும் அந்த ஒரு நொடி. பின்னோக்கி அழிக்கும் விசையில் விரலை வைத்தாள், தான் புதிதாக எழுதிய பால் கொடுத்தேன் வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். ஒன்பது வரியும் அப்படியே இருந்தன. இது முடிவா, களைப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதையும் சேர்த்துக் கட்ட இனித் தெம்பில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்குச் சிவசைலத்துக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். "நீ யாரு வீட்டுப் புள்ள? நல்லாப் பிசையுத" என்றார். "பாளையங்கோட்டைதான்" என்றாள். "டிப்போ பக்கமா?" "டிப்போக்காரர் பொஞ்சாதி." "ஐயோ பாவம்" என்றார் அவர், உண்மையாகவே வருந்தி, "நேரங்காலம் இல்லாத பொழப்புல்லா." தட்டைத் தள்ளவில்லை, முழுவதும் சாப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது பட்டை முழுப் பச்சையாகி, முடிந்தது என்று ஒரு சொல் மட்டும் நின்றது. டிஸ்க்கைக் கழற்றினாள். கையில் இளஞ்சூடாக இருந்தது.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கப் போன் அடித்தது.

"சொல்லும்மா. டிஸ்க் முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டு. பீரோவுல வச்சாச்சு."

"சமத்து. அப்போ எது, ஒண்ணா ரெண்டா? நாலு நாளா நீ யோசிக்கதைப் பாத்தா எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பக் கூட இவ்வளவு யோசிக்கலை."

"ஒண்ணு."

"எல்லாமா? உன் சொந்தக் குறிப்பெல்லாமுமா? பிரிச்சுக்கலாம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குன்னு ஏதாவது வேணும்லா."

"எல்லாம்தான். எங்க அமுக்கணும்?"

தாரிணி சொன்ன இடத்தில் அமுக்கினாள். வட்டமாக ஒரு அம்பு சுழன்றது. அங்கே மகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "வருது வருது. நூறு. இருநூத்திப் பத்து. எம்மா, எவ்வளவு எழுதி வச்சிருக்க? நீ இன்னும் ரிட்டயர் ஆகலை போல. ஐநூறு." செண்பகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுநூறில் கொஞ்சம் நின்றது, நெட் போய்விட்டதோ என்றாள் மகள், போயிருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு மூச்சு நேரம் தோன்றிற்று. "ஆ, எழுநூத்தி முப்பது. எண்ணூறு. எண்ணூத்தி நாப்பத்தாறு. சரியா? முடிஞ்சுது. ராத்திரி உக்காந்து படிக்கேன். வைக்கட்டுமா, மீட்டிங் இருக்கு."

"வைக்காத. எழுநூத்தி எண்பத்தொண்ணை எடு."

"அப்புறம் படிக்கேன்மா."

"இப்பப் படி. நான் லைன்ல இருக்கேன்."

டப்பா மூடும் சத்தம். ஒன்பது வரியைப் படிக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்குத் தெரியும், அதைப் போல மூன்று மடங்கு நேரம் போனது.

"அம்மா."

"ம்."

"அப்பா விழவே இல்லையா?"

"இல்ல."

"நான்தான டாக்டர்ட்ட சொன்னேன். மாத்திரையைக் குறைங்கன்னு நான்தான சண்டை போட்டேன்."

"ஆமா. நான் சொன்னதைத்தான நீ சொன்ன."

மகள் மூக்கை உறிஞ்சினாள். யாரோ அவளை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள், ஐந்து நிமிடம் என்றாள் அவள். கதவு சாத்தும் சத்தம், காலடி, இன்னொரு கதவு. "வியாழக்கிழமை நீயே சொல்லணும் டாக்டர்ட்ட."

"சொல்லுதேன்."

"நான் திட்டலை."

"திட்டு. திட்டினா என்ன."

"திட்டத் தெரியலைம்மா." நிறுத்தினாள். "இந்த ஒரு தடவைதானா?"

ஆமா என்றால் போதும். அந்த இன்னொன்று எந்தக் கட்டுக்குள்ளும் இல்லை, டிஸ்க்கில் இல்லை, மேலே ஏறியதிலும் இல்லை. எண் போடாத தாள், உருவ வேண்டிய வேலையே இல்லாத தாள். அவள் அதை எழுதவில்லை. எழுத உட்கார்ந்து, தேதிக்கு அப்பால் கை ஓடாமல் மூடிவிட்டாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. "அடிக்கலை" என்றாள். "இன்னொண்ணு இருக்கு. எழுதலை."

"சொல்லு."

"மாத்திரை குறைச்சபொறவு. விடிய விடியத் தூங்கலை அன்னைக்கு. அவுகளை உள்ளறையில வச்சு வெளிய அடைச்சிட்டுப் பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். கூடவே இருக்கும். திரும்பி வர மாட்டேன்னுதான் நெனச்சேன்."

அங்கே மகள் மடிக்கணினியைத் திறக்கும் சத்தம். விசைகளின் சத்தம் மெதுவாகக் கேட்டது. செண்பகத்தின் திரையில், பட்டியலின் கடைசியில் 847 என்று ஒரு வரி தானாக முளைத்தது. அவள் இரண்டு கையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தேதி?" என்றாள் தாரிணி.

"செப்டம்பர் இருபது. ஞாயிறு."

கொஞ்சம் பொறுத்து அது வந்தது.

"மணி?"

"காலைல ஏழேகால்."

அதுவும் வந்தது.

"பூட்டினியா, தாழ்ப்பாளா?"

"தாழ்ப்பாள்."

வெகு நேரம் எதுவும் வரவில்லை. பிறகு அந்தச் சொல்லும் வந்து நின்றது.